மறந்துபோகும் விசாரிப்பும் ஓர் எளிய உரைக் கோப்பும்



"ஜெபித்துக்கொள்கிறேன்" என்னும் சொல்லை ஒரு வாரத்தில் நாம் எத்தனை முறை சொல்லுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கையில் சொல்லுகிறோம். பேருந்து நிலையத்தில் சொல்லுகிறோம். மருத்துவமனைக் கட்டிலருகே சொல்லுகிறோம். மனதாரத்தான் சொல்லுகிறோம். ஆயினும் செவ்வாய்க்கிழமை விடியும்போது அந்தப் பெயர்களில் எத்தனை நம் நெஞ்சில் நிற்கின்றன? "தாசில்தார் அலுவலகத்துக்கு நானே கூட வருகிறேன், கவலைப்படாதீர்கள்" என்று சொன்ன சொல்லுக்கு எந்த நாள் குறிக்கப்பட்டது? அதை எங்கே எழுதினோம்?

இந்த வாரச் சிந்தனை ஒரு கணினிக் கோப்பைப் பற்றியது. தியானப் பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சபையின் விசாரிப்புப் பணிகளை, அதாவது யாரைச் சந்திக்க வேண்டும், எந்தத் தாளை எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பவற்றை, எவரும் திறந்து வாசிக்கக்கூடிய எளிய உரைக் கோப்பு ஒன்றில் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நமது பகுதியில் இது வசதியைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்க முடியாது. ஏன் என்று சொல்லுகிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபை வளர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அற்புதங்கள் நடந்தன, பிரசங்கம் வல்லமையாயிருந்தது, உடைமைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தச் சபையிலேதான் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள். அங்கே அன்பு குறைந்துவிட்டது என்று அந்தப் பகுதி சொல்லவில்லை. எண்ணிக்கை பெருகியபோது கவனிப்பு தவறியது, அவ்வளவுதான். அப்போஸ்தலர்கள் ஜெபத்தில் உறுதியாயிருந்தவர்கள். ஆனாலும் இன்னும் அதிகமாக ஜெபிப்போம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிடவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பேர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை எப்படி நினைவில் வைத்தார்கள் என்று வேதம் விவரிக்கவில்லை. ஏதோ ஒரு கணக்கு இல்லாமல் அது நடந்திருக்குமா?

நமது பகுதிக்கு வருவோம். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தவை இவை. இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒரு பத்திச் செய்தியாய் முடிந்துபோனவற்றை இங்கே எண்ணி முடியாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வாழும் நமக்குத் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், முதலில் எந்தத் திசை என்று பார்ப்பதும், பிறகு யார் வீட்டார் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மனதிற்குள் ஓட்டிப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு நாள் வரும்போது நமது சபைகள் செய்வதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் மூன்று நாட்கள் அந்த வீட்டில் அடுப்பு எரியவே தேவையில்லை. அத்தனை வீடுகளிலிருந்து உணவு வரும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வாலிபர் இரத்தம் கொடுக்கப் போவார்கள். அடக்க ஆராதனைக்கு ஊரே திரளும். அதன்பின் கூட்டம் குறையும். ஆறாவது மாதத்தில் யார் போகிறார்? பத்தாவது மாதத்தில்?

உண்மையான வேலை அப்போதுதான் இருக்கிறது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டைக் கடந்துவிட்டால் அதற்கென்று தனி உத்தரவு பெற வேண்டிவரும். முதல் தகவல் அறிக்கையின் நகல் வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பெயரின் எழுத்து ஆதார் அட்டையில் உள்ளதோடு பொருந்தவில்லையென்றால் மீண்டும் முதலிலிருந்து அலைய வேண்டும். இழப்பீடு கேட்பதற்கும் காலவரம்பு உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், விபத்தோ மரணமோ நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும் என்று வரையறுத்தது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு இடம் தந்தது. (தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவரக் கல்கத்தாவுக்குச் சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். இந்த ஊரின் தொழிலும் அந்தச் சட்டமும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.) எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சட்டத்தின்கீழ் உரிமை உண்டு என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நாள் கடந்துபோனபின் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுவதில் பயன் குறைவு. இரண்டு ஆண்டுகள் என்பது துக்கத்தில் இருப்பவளுக்கு மிக நீண்டதாகவும் தோன்றும், ஒரே நாளில் முடிந்துபோனதாகவும் தோன்றும். நாட்களை எண்ணும் வேலையை அவள் தலையில் வைக்கலாகாது. அதை எண்ணுவதற்குத்தான் சபை இருக்கிறது.

பிழைத்தவர்களுக்கும் இதே கதைதான். தீக்காயம் ஆறியபின் தோல் இறுகி விரல்கள் மடங்காமல் போகும். மருத்துவர் குறித்த நாளில் போய், சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தொடராவிட்டால் அந்தக் கை திரும்பவும் வேலைக்கு உதவாது. அடுத்த பரிசோதனை நாள் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டு எங்கே இருக்கும்?

இவற்றையெல்லாம் இப்பொழுது நாம் எவ்விதம் நினைவில் வைக்கிறோம்? வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒரு ஜெப விண்ணப்பம் வருகிறது. சிறிது நேரத்துக்குள் அறுபது கூப்பிய கரங்களும் நாற்பது ஆமென்களும் அதன்கீழ் வந்து சேருகின்றன. மாலையில் யாருடைய பேரக்குழந்தையின் பிறந்தநாள் படமோ வருகிறது. மறுநாள் அந்த விண்ணப்பத்தைத் தேடினால் விரல் வலிக்கும்வரை மேலே தள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் குழுவுக்கு நான் எதிரியல்ல. செய்தியைப் பரப்புவதற்கு அதைப்போல் ஒன்று இல்லை. ஆனால் ஓடும் தண்ணீரில் யாராவது கணக்கு எழுதுவார்களா?

அடுத்து நாட்குறிப்பு. நாடெங்கும் போகும் நாட்குறிப்புகளையும் தினசரி நாட்காட்டிகளையும் அச்சடித்து அனுப்பும் ஊர் நம்முடையது. அந்த ஊரில் வாழும் நம்முடைய நாட்குறிப்புகளைத் திறந்தால் ஜனவரி பதினைந்துவரை எழுத்து இருக்கும், பிறகு வெண்மையாயிருக்கும்; இதைச் சிரிப்புக்காகவே சொல்லுகிறேன். கடைசியாக, ஒரு மனிதரின் தலை. உபதேசியாரிடம் கேட்டால் தெரியும், ஐயரிடம் கேட்டால் தெரியும் என்கிறோம். ஐயருக்கு மாறுதல் வருகிறது. எந்த வீட்டில் என்ன பாதியில் நிற்கிறது என்ற அறிவு முழுவதும் லாரியில் ஏறும் மேசை நாற்காலிகளோடு கூடப் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் அந்த விதவையிடம் "உங்கள் கணவர் என்ன செய்கிறார், அம்மா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியின் வலியைக் கேட்கிறவர் அறியமாட்டார், கேட்கப்பட்டவள் அறிவாள்.

வாலிபர்கள் சொல்லுவார்கள்: "ஐயா, இதற்கெல்லாம் செயலிகள் இருக்கின்றன." இருக்கின்றன. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நம்பிய வண்டர்லிஸ்ட் என்றொரு பணிப் பட்டியல் செயலியும் இருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் அதை 2015ஆம் ஆண்டில் வாங்கியது; 2020ஆம் ஆண்டு மே மாதம் மூடிவிட்டது. முன்னறிவிப்புக் கொடுத்தார்கள், தங்கள் வேறொரு செயலிக்கு மாறிக்கொள்ள வழியும் கொடுத்தார்கள் என்பது நியாயம். ஆயினும், சபையின் விசாரிப்புக் கணக்கு நாம் காணாத ஒரு நிறுவனத்தின் வியாபாரத் தீர்மானத்தைச் சார்ந்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

எளிய உரைக் கோப்பு என்பது என்ன? எழுத்துக்குப் பின் எழுத்து, வரிக்குப் பின் வரி; வண்ணமோ, பருமனோ, படமோ, மறைந்திருக்கும் கட்டளைகளோ இல்லாத கோப்பு. கணினியோடு வரும் நோட்பேடில் எழுதுவது அதுதான். நாற்பது ஆண்டுகளுக்குமுன் எழுதப்பட்ட ஆங்கில எளிய உரையை இன்றைய கைப்பேசி தடையின்றித் திறக்கும். ஒரு சபையின் ஓராண்டு விசாரிப்புக் குறிப்பு முழுவதும் சேர்ந்தாலும் கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தின் இடத்தைக்கூடப் பிடிக்காது.

அந்தக் கோப்புக்குள் ஒழுங்கு எப்படி வரும்? இங்கேதான் ஆர்க் மோட் என்ற ஒன்றை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். ஈமேக்ஸ் என்றொரு பழைய உரைத்தொகுப்பி உண்டு. அதன் வரலாறு 1976ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1980களின் நடுவில் அதைக் கட்டற்ற மென்பொருளாக, எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திப் பகிர்ந்துகொள்ளும்படி மறுபடி எழுதி வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமில் வானியல் ஆராய்ச்சியாளராயிருந்த கார்ஸ்டன் டொமினிக், தம்முடைய குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள 2003ஆம் ஆண்டில் அதற்குள் ஆர்க் மோடை எழுதினார். விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசியை ஆராய்ந்த ஒருவர், தம் மேசைமேல் குவிந்த தாள்களுக்காகச் செய்துகொண்ட கருவி அது. 2007 முதல் அது ஈமேக்ஸுடனேயே சேர்ந்து வருகிறது. செய்தவர் பின்னர் அதைப் பிறர் கையில் ஒப்படைத்தார். கருவி நிற்கவில்லை, இன்றும் தன்னார்வலர்கள் அதைப் பேணி வருகிறார்கள். ஐயர் மாறுதலைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா?

அதன் இலக்கணம் மிகவும் சிறியது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டால் அது தலைப்பு. இரண்டு இட்டால் அதன்கீழ் வரும் சிறு தலைப்பு. தலைப்பின் முன் ஒரு சொல், செய்ய வேண்டியதா, முடிந்ததா என்று காட்டும். அந்தச் சொற்கள் தமிழிலேயே இருக்கலாம். கோப்பின் தொடக்கத்தில் ஒருமுறை அறிவித்துவிட்டால் போதும். கற்பனையான ஒரு வீட்டுக்கு இப்படி எழுதலாம்:

* தெற்குத் தெரு, இரண்டாம் வீடு
** முடிந்தது பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல்
** செய்க வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம்
டெட்லைன்: <2026-03-12>
** செய்க மூத்த மகளின் கல்லூரிக் கட்டணம் பற்றி விசாரித்தல்
** செய்க அம்மாவுடன் சும்மா உட்கார்ந்து பேசுதல்

கோப்பில் "டெட்லைன்" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இட வேண்டும்; மற்றவை அப்படியே இருக்கலாம். இதை ஈமேக்ஸில் திறந்து, தலைப்பின்மேல் நின்று ஒரு விசையைத் தட்டினால் அந்த வீட்டின் குறிப்பு முழுவதும் மடிந்து ஒரே வரியாகும். மீண்டும் தட்டினால் விரியும். இன்னொரு கட்டளை கொடுத்தால், எல்லா வீடுகளிலும் சிதறிக் கிடக்கும் நாட்களைத் திரட்டி, இந்த வாரம் என்ன என்று நாள்வாரியாகக் காட்டும். கடைசி நாள் குறித்த வேலையென்றால் பதினான்கு நாட்களுக்கு முன்பிருந்தே அது பட்டியலில் தோன்றத் தொடங்கும். நாள் கடந்தும் முடியாவிட்டால் இத்தனை நாள் தாமதம் என்று சொல்லி நின்றுகொண்டேயிருக்கும். அந்த வீட்டாருக்காக ஒருவர் விடாமல் வந்து கதவைத் தட்டுவதுபோல.

விருதுநகர் வியாபாரிகளின் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குறிப்பேடு நாள் வரிசையில் செல்லும். பேரேடு ஆள் வரிசையில் செல்லும். குறிப்பேட்டில் எழுதியதைக் கணக்குப்பிள்ளை இரவில் உட்கார்ந்து பேரேட்டில் பெயர்த்து எழுத வேண்டும். பெயர்க்கும்போது ஒன்று விடுபட்டால் கணக்கு நேர் வராது. ஆர்க் கோப்பில் நாம் எழுதுவது பேரேடு மட்டுமே, வீடு வீடாக, ஆள் ஆளாக. குறிப்பேட்டை அதுவே விரித்துக் காட்டிவிடும். மிளகு மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் அத்தனை கவனமாய்க் கணக்கு வைத்த ஊரில், மனிதருக்குக் கொடுத்த வாக்குக்குக் கணக்கு வைப்பது அன்பைக் குறைத்துவிடும் என்று நான் எண்ணவில்லை.

தமிழில் எழுதுவதைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை சொல்ல வேண்டும். நமது அச்சகங்களில் வேலை செய்யும் தம்பிகளும் தங்கைகளும் இதை நன்கு அறிவார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "அம்மா" என்ற சொல்லே வாசிக்க முடியாமற்போகும். பழைய சபை மலர்களும் ஆண்டறிக்கைகளும் பல இடங்களில் இப்படித்தான் குறுந்தகடுகளில் ஊமையாய்க் கிடக்கின்றன. 1991ஆம் ஆண்டில் யூனிகோடு தரம் வெளியானபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் யூனிகோடை ஏற்றது. ஆகையால் எளிய உரை என்று நான் சொல்லும்போது யூனிகோடு தமிழில் எழுதிய உரையையே சொல்லுகிறேன். ஈமேக்ஸில் தமிழ்99 விசைப்பலகை உள்ளடங்கியே இருக்கிறது. கைப்பேசியில் எழுதுகிறவர்களுக்குக் கவலையில்லை. அவர்கள் ஏற்கெனவே எழுதுவது யூனிகோடுதான்.

எழுதிவைத்தது எழுதினவரைக் கடந்து நிற்கும் என்பதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டாம். வடதிருநெல்வேலியில் கூடாரத்தோடு ஊர் ஊராய்ச் சென்று ஊழியம் செய்த ராக்லாந்து ஐயர் 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று இந்தச் சிவகாசியிலேதான் மரித்தார். அவர் சார்ந்திருந்த சி.எம்.எஸ். சங்கத்தின் ஊழியர்கள் லண்டனுக்கு எழுதியனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நூற்றறுபது ஆண்டுகளுக்குமுன் இந்த ஊர்களில் நடந்தவற்றை அங்கே போய் வாசிக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்குமுன் நம் சபை எந்த வீட்டுக்கு என்ன செய்தது என்பதை எங்கே போய் வாசிப்பது?

எரேமியா முப்பத்திரண்டாம் அதிகாரம் எனக்கு மிகவும் பிரியமானது. எருசலேம் முற்றிக்கையிடப்பட்டிருக்கிறது; தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த வேளையில் ஆனதோத்தில் உள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றும் ஆகிய இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, அநேக நாள் நிலைக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். ஊரே அழியப்போகிறது என்று அறிந்த மனிதர் ஆவணம் நிலைக்க வேண்டும் என்பதில் இத்தனை அக்கறை காட்டுகிறார். எழுதுவது, இரண்டு பிரதி வைப்பது, காலம் தாங்கும் பாத்திரத்தில் வைப்பது ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. முப்பத்தாறாம் அதிகாரத்தில் யோயாக்கீம் ராஜா சுருளைத் துண்டு துண்டாய் அறுத்து நெருப்பில் போட்டதும், பாருக்கு மறுபடியும் உட்கார்ந்து எழுதியதும் உங்களுக்குத் தெரியும். எரேமியா உயிரோடிருந்து சொன்னதால் அது முடிந்தது. சொல்லுகிறவரே போய்விட்டால்? கோப்பு ஒரே கணினியில் மட்டும் இருக்கலாகாது. ஆலய அலுவலகத்தில் ஒன்று, ஒரு மூப்பர் வீட்டில் ஒன்று. பென்டிரைவில் போட்டு வாரம் ஒருமுறை மாற்றிக்கொண்டால் இரண்டு நிமிட வேலை.

முத்திரையிட்ட பிரதி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எளிய உரையின் நன்மையே அதன் ஆபத்தும்: எவரும் திறக்கலாம் என்றால் எவரும் திறக்கலாம். யாருக்கு எவ்வளவு கடன், யார் வீட்டில் என்ன வியாதி, எந்தக் கணவன் மனைவிக்குள் என்ன பிரிவு என்பவை மேசைமேல் திறந்து கிடக்கலாகாது. ஈமேக்ஸ் ஒரு கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டிச் சேமிக்க வல்லது. அந்தச் சொல்லை இரண்டு பேர் அறிந்திருக்க வேண்டும், மறந்தால் மீட்க வழியில்லை. அதைவிட மேலான பூட்டு, எழுதாமல் விடுவது. ஒருவர் ஐயரிடம் தனியே மனம் திறந்து சொன்னது எந்தக் கோப்பிலும் இடம்பெறத் தகாது. "சந்திக்க வேண்டும், வியாழன் மாலை" என்பது போதும். எதற்காக என்பது போகிறவருக்குத் தெரிந்தால் சரி.

பரிசுத்த ஆவியானவர் நினைப்பூட்டமாட்டாரா, பட்டியல் வைத்து அன்பு செலுத்துவதா என்று கேட்கும் விசுவாசிகள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அவர் நினைப்பூட்டுகிறார், காலையில் கோப்பைத் திறந்து ஒரு பெயரை வாசிக்கும்போதும் நினைப்பூட்டுகிறார். சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவிடம் மேலங்கியோடுகூடப் புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளுகிறேன். குளிருக்கு மேலங்கி வேண்டியிருந்ததுபோல அவருக்குத் தாளும் வேண்டியிருந்தது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஈமேக்ஸும் ஆர்க் மோடும் அடியில்லாக் கிணறு போன்றவை. ஆயிரம் வண்ணங்கள், ஆயிரம் குறுக்குவழிகள், ஆயிரம் அமைப்புகள். கணினி படித்த நம் வாலிபர் அதில் இறங்கினால் ஒரு மாதம் முழுவதும் பட்டியலை அழகுபடுத்துவதிலேயே கழித்துவிட்டு, பட்டியலில் உள்ள ஒரு வீட்டுக்கும் போகாமல் இருக்கக்கூடும். கருவியைச் சாணை பிடிப்பதே வேலையாகிவிடும். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது: முதல் ஆண்டில் நட்சத்திரம், இரண்டு சொற்கள், ஒரு தேதி, இவ்வளவே. பட்டியல் ஒழுங்காக நடந்தால் மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

ஈமேக்ஸ் கற்க வயதில்லை என்போர் நோட்பேடிலேயே நட்சத்திரமிட்டு எழுதலாம். கோப்பு ஒன்றுதான், நாள்வாரியாகத் திரட்டிப் பார்ப்பதை ஈமேக்ஸ் தெரிந்த ஒரு தம்பி சனிக்கிழமை செய்துகொடுப்பான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஆர்க்ஸ்லி என்ற செயலி இதே கோப்பைத் திறக்கும். கணினியே வேண்டாம் என்கிற மூப்பர்கள் நாற்பது பக்க நோட்டில் எழுதட்டும். பயன்படுத்தும் நோட்டு பயன்படுத்தாத கணினியைவிட எவ்வளவோ மேல். நோட்டில் குறை ஒன்றுதான்: பதினான்கு நாட்களுக்கு முன்பே அது நம்மைக் கூப்பிடாது.

தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் வாரங்கள் இதைத் தொடங்குவதற்கு நல்ல சமயம். மக்கள் வீட்டில் இருப்பார்கள். பேச நேரம் இருக்கும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சகோதரியும் ஒரு வாலிபருமாக இருவர் போய், முதலில் கடந்த மூன்று ஆண்டுகளில் விபத்தில் ஒருவரை இழந்த வீடுகளையும் காயப்பட்டவர்கள் உள்ள வீடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தாள் கையில் இருக்கிறது, எது இன்னும் வரவில்லை, மருத்துவர் குறித்த அடுத்த நாள் எது என்று கேளுங்கள். விபத்து நடந்த தேதியைத் தவறாமல் எழுதுங்கள். இரண்டு ஆண்டு எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்தெந்தப் பெயர்களை எழுதிக்கொண்டோம் என்பதை அந்த வீட்டாருக்கே வாசித்துக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்பதை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

சனிக்கிழமை மாலை ஜெபத்தில் அந்த வாரப் பட்டியலைத் திறப்போம். ஒவ்வொரு வரிக்கும் யார் போகிறார் என்று கேட்போம். பெயர் கொடுக்க ஒருவரும் இல்லாத வரியை அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல், யாராவது ஒருவர் கை உயர்த்தும்வரை அங்கேயே காத்திருப்போம்.